ஏழாம் வாய்ப்பாடும் மின்சாரப் பட்டியலும்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் ஒரு தொடர்மாடி வீடு. இரவு பதினொரு மணி. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகன் மேசை விளக்கின் கீழ் இரசாயனவியலோடு போராடிக்கொண்டிருக்கிறான். அடுத்த அறையிலிருந்து தாயாரின் குரல் கேட்கிறது:

“தம்பி, பதினொரு மணியாச்சு. லைற்றை நூத்துப்போட்டுப் படு. போன மாதக் கரண்ட் பில் கண்டனிதானே!”

இது நாம் கற்பனையில் அமைத்துக்கொண்ட குடும்பமே. ஆயினும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இக்குரல் கேளாத இல்லங்கள் சிலவே இருக்கும். பட்டியல் வந்த அன்று தந்தையார் மின்விசிறியைப் பழிப்பார். தாயார் இஸ்திரிப் பெட்டியைப் பழிப்பார். முடிவில் பழி முழுவதும் படிக்கிற பிள்ளையின் விளக்கின்மேல் வந்து விழும். உண்மையான குற்றவாளி யார் என்பதை நிதானமாக விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலிவான வழி உண்டா?

இலண்டனில் வாழும் உறவினர் கடிதத்திலோ தொலைபேசியிலோ, “நாங்கள் மின்சாரக் கம்பனியை மாற்றிவிட்டோம், செலவு குறைந்துவிட்டது” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிரித்தானியாவில் 1998ஆம், 1999ஆம் ஆண்டுகளில் ஒவ்வொரு வீட்டாரும் தமக்கு மின்சாரம் விற்கும் நிறுவனத்தைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமை படிப்படியாக வழங்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ 2016ஆம் ஆண்டு முதல் இரண்டு மாதங்களுக்கு முதல் 100 அலகுகள் வீடுகளுக்கு இலவசம்.

கொழும்பில் வாழும் நமக்கு இவ்விரு வாய்ப்பும் இல்லை. இங்கே வீட்டார் நிறுவனத்தை மாற்றிக்கொள்ள இயலாது. கட்டணத்தை அங்கீகரிப்பது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. ஆகவே ஒப்பிட்டுப் பார்த்து மலிவானதைத் தெரிவதற்கு ஒன்றுமில்லை என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணமே பிழையானது. நமக்குக் கிடைத்திருப்பது பல கடைகள் அல்ல. ஒரே கடையில் பல படிகள். எந்தப் படியில் நிற்பது என்பதைப் பெரும்பாலும் நாமே தீர்மானிக்கலாம்.

படிகளின் கணக்கு

வீட்டு மின்சாரக் கட்டணம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, பயன்படுத்திய ஒவ்வோர் அலகுக்கும் உரிய விலை. மற்றது, மாதாந்த நிலையான கட்டணம். மேற்படிக்கு ஏறும்போது இரண்டும் உயர்கின்றன.

2025ஆம் ஆண்டு சனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த விலைகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மாதம் 60 அலகுக்கு மேற்படாத வீட்டுக்கு முதல் 30 அலகும் தலா 4 ரூபா, அடுத்த 30 அலகும் தலா 6 ரூபா. நிலையான கட்டணம் 30 அலகு வரை 75 ரூபா, 60 வரை 200 ரூபா. அறுபதைத் தாண்டிய வீட்டுக்கோ கணக்கே வேறு. முதல் 60 அலகும் தலா 11 ரூபா. 61 முதல் 90 வரை 14. 91 முதல் 120 வரை 20. 121 முதல் 180 வரை 33. அதற்கு மேல் 52 ரூபா. நிலையான கட்டணம் முறையே 400, 1000, 1500, 2000 ரூபா என ஏறிச் செல்லும்.

இனி மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். சரியாக 60 அலகு பயன்படுத்திய வீட்டின் பட்டியல், வரி நீங்கலாக, 500 ரூபா. 61 அலகு பயன்படுத்திய வீட்டின் பட்டியல் 1074 ரூபா. அந்த ஓர் அலகின் விலை 574 ரூபா! அறுபத்தோராவது அலகு தனியே வருவதில்லை. தனக்கு முன்வந்த அறுபது அலகுகளின் விலையையும் உயர்த்திவிட்டு, நிலையான கட்டணத்தையும் இரட்டித்துவிட்டு வருகிறது.

மேலேயுள்ள படிகளிலும் இதே கதைதான். 90 அலகுக்கு 1480 ரூபா. 91 அலகுக்கு 2100. 120 அலகுக்கு 2680, 121க்கு 3213. 180 அலகுக்கு 5160, 181க்கு 5712. மாதம் 125 அலகு செலவிடும் வீட்டார் ஆறே அலகைக் குறைத்து 119இல் நின்றால் 685 ரூபா மிச்சம்.

இந்த விலைகள் நிலையானவை அல்ல. 2014 செப்டெம்பர் முதல் 2022 ஆகஸ்ட் வரை 60 அலகுக்கு 280 ரூபா 50 சதமே செலுத்தினோம். பொருளாதார நெருக்கடியின் பின்னர் 2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரி நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ருவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. அப்பெப்ருவரி விலைப்படி அதே 60 அலகுக்கு 2560 ரூபா. அதன் பின்னர் ஏறியும் இறங்கியும், 2025 சனவரியில் 500 ரூபாவுக்கு வந்தது. 2025 ஜூன் 12 முதல் மறுபடியும் சராசரி 15 வீத உயர்வு. ஆகவே ரூபாவைப் பாடம் செய்ய வேண்டாம். படிகளின் எல்லைகளைப் பாடம் செய்தாற் போதும். அன்றன்றைய விலைகளைக் கொண்டு மேற்கண்டவாறு கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஞாயிறுதோறும் ஒரு பார்வை

படிகளின் எல்லை 30, 60, 90, 120, 180 அலகுகள். இவை முப்பது நாளுக்கு உரியவை. மானி பார்ப்பவர் மூன்று நாள் பிந்தி வந்தாற் பயப்பட வேண்டியதில்லை. நாட்களின் எண்ணிக்கைக்கேற்ப எல்லைகளும் விரியும். 33 நாளுக்கு 60 என்பது 66 ஆகும்.

இதை நாட்கணக்கில் வகுத்தால், நாளொன்றுக்கு 1, 2, 3, 4, 6 அலகுகள். வாரக்கணக்கில் 7, 14, 21, 28, 42. இது ஏழாம் வாய்ப்பாடன்றோ! வீட்டில் நான்காம் வகுப்பிற் படிக்கும் பிள்ளை இருந்தால் இப்பணியை அப்பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். ஞாயிறுதோறும் காலையில் மின்மானியின் இலக்கத்தை நாட்காட்டியில் எழுதி, சென்ற ஞாயிறின் இலக்கத்தைக் கழிக்கட்டும். வந்த விடை 21க்குள் இருந்தால் வீடு மூன்றாம் படிக்குள் நிற்கிறது. 23 என்று வந்தால் அடுத்த வாரம் இரண்டு அலகைக் குறைத்து ஈடுசெய்ய வேண்டும். மாத முடிவிற் பட்டியலைக் கண்டு திகைப்பதிலும் பார்க்க, வாரத்துக்கு ஒருமுறை கண்டு திருத்துவது நன்று. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர்.

குற்றவாளி யார்?

ஆயிரம் வாற்று வலுவுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஓர் அலகு செலவாகும். இந்த ஒரு விதியே வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் விசாரிக்கப் போதுமானது.

75 வாற்றுக் கூரை விசிறி பத்து மணி நேரம் சுழன்றால் முக்கால் அலகு. நடுத்தரக் குளிர்சாதனப் பெட்டி நாளொன்றுக்கு ஏறக்குறைய ஓர் அலகு உண்ணும். புதிய வகைகள் அதிலும் குறைவு. 60 வாற்றுப் பழைய குமிழ்கள் ஐந்து, ஐந்து மணி நேரம் எரிந்தால் ஒன்றரை அலகு; அவற்றுக்குப் பதில் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ்களை இட்டால் கால் அலகுக்கும் குறைவு.

இனிக் குளியலறைக்குள் எட்டிப் பாருங்கள். உடனுக்குடன் நீரைச் சூடாக்கும் கருவி 3500 வாற்று. நால்வர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் நாளொன்றுக்கு 2.3 அலகு, மாதத்துக்கு ஏறக்குறைய 70 அலகு. நமது வெள்ளவத்தைக் குடும்பம் மாதம் 186 அலகு செலவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், மேற்கூறிய சனவரி விலைப்படி பட்டியல் 5972 ரூபா. கொழும்பின் வெப்பத்திலே சுடுநீரை நோயாளிக்கும் குழந்தைக்கும் மட்டும் அடுப்பில் வைத்துக் கொடுத்துவிட்டுக் கருவியை நிறுத்தினால், 116 அலகு, 2600 ரூபா. மாதம் 3372 ரூபா வீட்டிலேயே நிற்கிறது. அடுப்புக்கு ஆகும் எரிவாயுச் செலவைக் கழித்தாலும் இலாபம் பெரிது.

ஒரு மானி, இரு குடும்பங்கள்

கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் முன்பக்கம் ஒரு குடும்பமும் பின்பக்கம் ஒரு குடும்பமுமாக, ஒரே மின்மானியில் வாழ்வதுண்டு. குடும்பத்துக்கு 90 அலகு என்றால் மானி 180 காட்டும். சனவரி விலையில் 5160 ரூபா. இரு மானிகள் இருந்தால் 1480 வீதம் இருவருக்கும் 2960 ரூபாவே. சிக்கனமாக வாழ்ந்தும் இருவரும் மாதம் 2200 ரூபாவை வீணே செலுத்துகின்றனர். தனி வாசலும் தனிக் குடித்தனமும் உள்ள பகுதிக்குத் தனி இணைப்புப் பெறலாமா என்று, வீட்டுக்காரரின் சம்மதத்தோடு மின்சார அலுவலகத்தில் விசாரிப்பது தகும்.

அது இயலாதவிடத்துப் பங்கீடாவது நீதியாக இருத்தல் வேண்டும். முழுத் தொகையை முழு அலகுகளால் வகுத்து வரும் சராசரி விலையே இரு சாராருக்கும் பொது. 180 அலகுக்கு 5160 ரூபா என்றால் அலகொன்று 28 ரூபா 67 சதம். மேற்படியின் விலையை வாடகைக்கு இருப்பவரின் எல்லா அலகுகள் மீதும் சுமத்துவது முறையன்று. இதனை மனஸ்தாபமின்றி, பட்டியலை நடுவில் வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

நேரத்துக்கு ஒரு விலை

இரவு பத்தரைக்குப் பின் இஸ்திரி போட்டால் மலிவு என்று சிலர் நம்புகின்றனர். சாதாரண மானி நேரத்தைப் பார்ப்பதில்லை; அலகை மட்டுமே எண்ணுகிறது. மாலை நேர நெருக்கடியைத் தணிக்க அது நாட்டுக்கு உதவலாம்; நம் பட்டியலுக்கு உதவாது.

நேரம் பார்க்கும் கட்டணமும் ஒன்று உண்டு. மும்முனை இணைப்புள்ள வீடுகள் விரும்பினால் தெரிந்துகொள்ளலாம் என 2015 செப்டெம்பரில் அது அறிமுகமாயிற்று. அன்றைய விலை, இரவு 10.30 முதல் காலை 5.30 வரை அலகு 13 ரூபா, பகலில் 25, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை 54 ரூபா; நிலையான கட்டணம் 540.

அன்றைய விலைகளைக் கொண்டே ஒப்பிடுவோம். மாதம் 150 அலகு வீட்டுக்குப் படிக் கட்டணம் 3043 ரூபா 50 சதம். அதே வீடு பகலில் 60, மாலையில் 45, பின்னிரவில் 45 அலகு என நேரக் கட்டணத்துக்கு மாறினால் 5055 ரூபா, பெரு நட்டம். 300 அலகு வீட்டுக்குப் படியில் 9463 ரூபா 50 சதம், நேரக் கட்டணத்தில் 120, 90, 90 எனப் பிரிந்தால் 9570, ஏறக்குறைய சமம். மாலைச் செலவில் 40 அலகைப் பின்னிரவுக்கு மாற்றினாலோ 7930 ரூபா. அதாவது இது பெருஞ்செலவு வீட்டுக்கும், மின்காரை இரவில் ஊட்டுவோருக்கும் உரிய வழி; சிறு வீட்டுக்கு அன்று. விலைகள் பின்னர் மாறிவிட்டமையால், மாற விரும்புவோர் இதே முறையில் இன்றைய விலையை இட்டுப் பார்த்தே முடிவு செய்க.

விளக்கு எரியட்டும்

விசாரணை முடிந்தது. இனித் தீர்ப்பு. மகனின் மேசை விளக்கு 9 வாற்று. இரவு நான்கு மணி நேரம் எரிந்தாலும் மாதம் முழுவதற்கும் ஓர் அலகுக்குச் சிறிதே அதிகம். அவன் ஓரிரவு படிப்பதற்குச் செலவாகும் மின்சாரம், குளியலறைக் கருவி 37 விநாடிகளில் விழுங்கும் மின்சாரத்துக்குச் சமம்.

ஆகவே தாய்மாரே, பிள்ளையின் உடல்நலம் கருதி நித்திரைக்கு அழையுங்கள். அது உங்கள் கடமை. மின்சாரச் செலவைச் சொல்லி அழைக்க வேண்டாம். வீட்டில் அணைப்பதற்கு வேறு பல உண்டு. படிக்கிற பிள்ளையின் விளக்கு எரியட்டும்.