கல் எடுத்தாச்சு, ஸ்டென்ட் அவசியமா?

செய்யூர் உப்பளத் தொழிலாளர்கள், மாமல்லபுரத்துச் சிற்பிகள், கோவளத்து மீனவர்கள் எனச் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் வெயிலில் நின்று பிழைப்பவர்கள் ஏராளம். கொட்டும் வியர்வையை ஈடுகட்டும் அளவுக்குத் தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்ந்து, உப்புகள் படிந்து கல்லாகும். அது சிறுநீர்க்குழாயில் இறங்கி அடைத்துவிட்டால், விலாவிலிருந்து அடிவயிறு வரை உயிர் போகிற வலி.

தானாக வெளியேறாத கல்லை, சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி, லேசரால் உடைத்து எடுக்கிறார்கள். முடித்ததும் பலருக்கு ‘டிஜே ஸ்டென்ட்’ வைக்கிறார்கள். 1978-இல் அறிமுகமான இது, பெரியவர்களுக்குச் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள மென்மையான குழாய். ஒரு நுனி சிறுநீரகத்திலும் மறு நுனி சிறுநீர்ப்பையிலும் சுருண்டிருப்பதால் நழுவாது. சிகிச்சையால் வீங்கிய சிறுநீர்க்குழாய் அடைபடாமல் காப்பதே இதன் வேலை.

அந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. கீழ் நுனி சிறுநீர்ப்பையை உறுத்தும். அடிக்கடி, அவசரமாகச் சிறுநீர் வரும். கழிக்கும்போது விலாவில் வலிக்கும். சில சமயம் ரத்தமும் கலந்திருக்கும்.

யாருக்குத் தேவை?

சிறுநீர்க்குழாயில் காயம், சுருக்கம், நோய்த்தொற்று உள்ளவர்கள், ஒற்றைச் சிறுநீரகம் மட்டும் இயங்குபவர்கள், இன்னொரு முறை சிகிச்சை தேவைப்படுபவர்கள் ஆகியோருக்கு ஸ்டென்ட் அவசியம். இச்சிக்கல்கள் இல்லாமல், இரு சிறுநீரகங்களும் நன்றாக இயங்கி, கல்லும் சுலபமாக வந்துவிட்டால் ஸ்டென்டைத் தவிர்க்கலாம் என்கிறது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2016 வழிகாட்டி. ஐரோப்பிய வழிகாட்டியும் எல்லோருக்கும் வழக்கமாக வைக்கச் சொல்வதில்லை. ஸ்டென்ட் வைக்காத சிலருக்கு முதல் சில நாட்களில் கடும் வலி திரும்பலாம்; அப்போது உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இறுதி முடிவை, உள்ளே பார்த்த அறுவை மருத்துவர்தான் எடுக்க முடியும்.

மறந்தால் ஆபத்து

வைத்ததை எடுக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. வலி குறைந்ததும் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். செய்யூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப்போடுகிறார்கள். மாதங்கள் கடந்தால் ஸ்டென்ட் மீதே உப்பு படிந்து கல்லாகும், சிறுநீரகமே பழுதாகலாம். உரிய நாளில் வந்தால், பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவி, சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள்.

எனவே சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள்: “டாக்டர், எனக்கு ஸ்டென்ட் தேவைப்படுமா? ஏன்?” வைத்திருந்தால், எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.