கையெழுத்துப் போட்டாச்சு… இனி வேலை மாறக் கூடாதா?

பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. நிறுவனங்களில் வேலைக்குச் சேர்பவர்கள் நியமனக் கடிதத்தின் சம்பளப் பக்கத்தை மட்டும் நாலு தடவை படிப்பார்கள். ‘வேலையை விட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குப் போட்டி நிறுவனம் எதிலும் சேர மாட்டேன்’ என்ற நிபந்தனை பின்னால் எங்கோ கிடக்கும். ராஜினாமா செய்யும்போது ஹெச்.ஆர். அதை மஞ்சள் பூசி மெயிலில் அனுப்பிய பிறகுதான், அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டதே நினைவுக்கு வரும்.

பயந்து நடுங்க வேண்டியதில்லை. சட்டப்படியான எந்தத் தொழிலையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடை அளவுக்குச் செல்லாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு. வியாபாரத்தை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்றவருக்கு மட்டும் விதிவிலக்கு. 1872-ல் எழுதியது. நியாயமான தடை என்றால் செல்லும் என்று திருத்தலாமே என 1958-ல் சட்ட ஆணையம் சொல்லிப் பார்த்தது. நடக்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த சட்டம்தான் என்றாலும், இந்தப் பிரிவின் பூர்வீகம் லண்டன் இல்லை. இங்கிலாந்து நீதிமன்றங்கள் இன்றும் நியாயமான தடையை ஏற்கின்றன. நியூயார்க் வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்ட் தன் மாநிலத்துக்காக எழுதிய வரைவிலிருந்து எடுத்தது இது. நியூயார்க் அந்த வரைவை ஏற்கவில்லை. கலிஃபோர்னியா ஏற்றது, அதுவும் அதே 1872-ல்! சிலிக்கான் பள்ளத்தாக்கில் பொறியாளர்கள் இஷ்டம்போல் கம்பெனி மாறுவதற்கு அந்த மாநிலச் சட்டமும் ஒரு காரணம் என்பார்கள். சட்டப்படி பார்த்தால் நம் ஊர்ப் பொறியாளரும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறார். அவருக்குத்தான் அது தெரியாது.

இந்தப் பிரிவு எவ்வளவு கறாரானது என்பது 1874-லேயே தெரிந்துவிட்டது. கல்கத்தாவில் இரண்டு போட்டிக் கடைக்காரர்கள். அந்தப் பகுதியில் கடையை மூடிவிட்டால், நீ ஆட்களுக்குக் கொடுத்திருக்கும் முன்பணம் 900 ரூபாயை நான் தருகிறேன் என்றார் ஒருவர். மற்றவர் நம்பி மூடினார். பணம் வரவில்லை. வழக்குப் போட்டார், தோற்றார். தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தமே செல்லாது எனும்போது அதற்குப் பேசிய பணத்தையும் கேட்க முடியாது என்றது உயர் நீதிமன்றம். கடையை மூடியவர் பாவம்தான்.

உச்ச நீதிமன்றம் பிற்பாடு ஒரு கோடு கிழித்தது. ஒப்பந்தக் காலத்துக்குள் போட்டி நிறுவனத்துக்குத் தாவினால் தடுக்கலாம். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பயிற்சி கொடுத்துச் சேர்த்த ஷிப்ட் மேற்பார்வையாளர் பாதியிலேயே இன்னொரு ரேயான் ஆலைக்குப் போன வழக்கில், 1967-ல் செஞ்சுரி ஸ்பின்னிங் நிறுவனம் ஜெயித்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகு? கிரிக்கெட் வீரர் ஜாகீர்கானை அவருடைய பழைய மேலாண்மை நிறுவனம் தொடர்ந்து பிடித்துவைக்கப் பார்த்தபோது, 2006-ல் உச்ச நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே அடையாள அட்டையைக் கழற்றி வீசிவிடாதீர்கள். நோட்டீஸ் பீரியட் செல்லும். நிறுவன ரகசியங்களையோ வாடிக்கையாளர் பட்டியலையோ பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனால் வழக்கு வரும். பாண்ட் விவகாரமும் தனி. மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பொதுத்துறை வங்கி ஆள் எடுக்க ஆகும் செலவு அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்பது வேறு, பாதியில் போனால் இழப்பீடு கொடு என்பது வேறு.

நிறுவனங்களின் வக்கீல்களுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். ஆனால் ரிலீவிங் லெட்டரை இரண்டு மாதம் இழுத்தடித்தாலே போதும், புது வேலை கைநழுவிப் போகும். கோர்ட்டில் நிற்காத நிபந்தனைக்கு இப்படித்தான் உயிர் வருகிறது.

சரி, ஏன் விலகுகிறார்கள்? சம்பள உயர்வுக்காக மட்டுமில்லை. பிரசவ விடுப்பு முடிந்து வந்தால் பிராஜெக்ட் போயிருக்கும். ஊரையும் அப்பா பெயரையும் விசாரித்துச் சாதியைத் தெரிந்துகொண்ட மேனேஜர், அப்ரைசலில் கைவைப்பார். போகிறவருக்கு இத்தனை வலுவான காவல் வைத்திருக்கும் நம் சட்டம், இருப்பவரைப் பாகுபாட்டிலிருந்து காப்பதில் மெலிந்து நிற்கிறது.

அரசியலமைப்பின் 14, 16-வது பிரிவுகள் அரசைக் கேள்வி கேட்கத்தான். தனியார் முதலாளி மேல் நேரடியாகப் பாயாது. சென்னையில் படித்து வெளியுறவுப் பணிக்குப் போன சி.பி.முத்தம்மா, திருமணத்துக்கு அரசிடம் முன் அனுமதி கேட்கச் சொன்ன விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போக முடிந்தது, எதிராளி அரசு என்பதால். 1979-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகவே சாடினார். ஆனாலும் இரண்டே ஆண்டில் ஏர் இந்தியா வழக்கு வந்தது. கர்ப்பமானால் பணிப்பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் விதியை ரத்து செய்த அதே தீர்ப்பு, வேலைக்குச் சேர்ந்து நான்காண்டுக்குத் திருமணம் கூடாது என்பதை நியாயம் என்றது. இன்று படித்தாலும் எரிச்சல் வருகிறது.

தனியார் துறையில் துண்டு துண்டாகச் சில பாதுகாப்புகள் உண்டு. 26 வாரப் பேறுகால விடுப்பு, அந்த நேரத்தில் வேலையை விட்டு நீக்கத் தடை, பாலியல் தொல்லைக்கு உள்ளகக் குழு, திருநருக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள். சாதி, மதம், மணநிலை என எல்லாவற்றையும் தனியார் அலுவலகத்துக்குள் கேட்கும் பொதுச் சட்டம் இல்லை. சசி தரூரின் தனிநபர் மசோதா ஒன்று வந்தது, சட்டமாகவில்லை.

2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. அப்போது கையில் இருந்த 1976-ம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம், பெண் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்றதே தவிர, மணமானவள் என்பதைப் பற்றிப் பேசவில்லை. அதன் இடத்துக்கு 2025 நவம்பரில் வந்த ஊதியச் சட்டத்தொகுப்பும் பாலினத்தோடு நிறுத்திக்கொள்கிறது.

இத்தனைக்கும் இது 1965-லேயே உச்ச நீதிமன்றம் பார்த்த விவகாரம். மருந்து நிறுவனம் ஒன்றின் பேக்கிங் பிரிவில், திருமணமானால் வேலை போய்விடும் என்று விதி. மணமான பெண்கள் அதிகம் லீவு போடுவார்கள் என்று நிறுவனம் சொன்ன சாக்கு எடுபடவில்லை, விதி ஒழிந்தது. பெண்கள் தனித்தனியாகப் போராடவில்லை, பம்பாய் லேபர் யூனியன் தொழில் தகராறாகக் கொண்டுபோனது. ஐ.டி. அலுவலகங்களில் அப்படிக் கொண்டுபோகச் சங்கங்கள் அரிது.

எனவே பாகுபாட்டுக்கு ஆளானவர் பெரும்பாலும் தனியாள்தான். அப்ரைசல் மெயில்களை அவர் பத்திரப்படுத்த வேண்டும், புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைசி நாளில் ஃபுல் அண்டு ஃபைனல் செட்டில்மென்ட் தாளில், ‘நிறுவனத்தின் மீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு வரி இருக்கும். பாகுபாட்டு வழக்கு என்று பின்னால் போனால், நிறுவனத்தின் வக்கீல் முதலில் எடுத்து நீட்டப்போவது அந்தத் தாளைத்தான். போட்டி நிறுவன நிபந்தனையைக் கண்டு நடுங்குகிறவர்கள், இதில் மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.