இழுக்கும் எண்ணும் தாங்கும் எண்ணும்

அரிசோனா மாநிலத்தின் மேற்கு விளிம்பில், கொலராடோ ஆற்றங்கரையில் புல்ஹெட் சிட்டி என்றொரு வெயிலூர் இருக்கிறது. அங்கிருந்து 68ஆம் எண் மாநில நெடுஞ்சாலை கிழக்கே மலையேறுகிறது. சுமார் 18 கிலோமீட்டர் தூரத்துக்குள் 900 மீட்டர் உயரம். பக்கத்திலுள்ள அணையின் பெயரைச் சேர்த்து இதை டேவிஸ் அணை ஏற்றம் என்கிறார்கள். அமெரிக்க பிக்கப் வண்டிகளின் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் மின்னும் இழுதிறன் எண்ணுக்குப் பரீட்சை நடப்பது இந்தச் சாலையில்தான்.

எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கம் 2008இல் ஜே2807 என்ற சோதனை விதிமுறையை வெளியிட்டது. அதன்படி, டிரெய்லரை மாட்டிக்கொண்டு, 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுவீச்சில் ஓடவிட்டு, அந்த ஏற்றத்தில் ஏற வேண்டும். வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் கொதித்துவிடவும் கூடாது. 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கிளம்பிக் காட்ட வேண்டும், ரிவர்ஸிலும் அதே மாதிரி. சமதரையில் 30 விநாடிக்குள் 96 கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டும். இந்த விதிமுறை வரும்வரை ஒவ்வொரு கம்பெனியும் தானே கேள்வித்தாள் தயாரித்துத் தானே மார்க் போட்டுக்கொண்டது. டொயோட்டாதான் முதலில், 2011 மாடலில், புதிய விதிக்குக் கட்டுப்பட்டது. அதன் டுன்ட்ரா வண்டியின் எண் உடனே குறைந்தது. மற்ற பெரிய கம்பெனிகள் வழிக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. நாம் மட்டும் எண்ணைக் குறைத்தால் எதிர்க்கடைக்கு வியாபாரம் போய்விடுமே என்ற கவலைதான், வேறென்ன.

ஆக, இன்றைய எண்கள் பொய்யில்லை. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு டிரெய்லர் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் தவறான எண்ணைப் பார்க்கிறார். நடுத்தர அளவு பிக்கப்பில் இந்தத் தவறு சீக்கிரமே கையைக் கடிக்கும்.

நடுத்தர அளவு என்றால் ஃபோர்டு ரேஞ்சர், டொயோட்டா டக்கோமா, செவர்லே கொலராடோ, ஹோண்டா ரிட்ஜ்லைன் போன்றவை. ரிட்ஜ்லைன் இழுப்பது 5,000 பவுண்டு, ஏறக்குறைய 2,270 கிலோ. 2019இல் அமெரிக்காவுக்குத் திரும்பிவந்த ரேஞ்சருக்கு 7,500 பவுண்டு, அதாவது 3,400 கிலோ. ஆனால் அதே ரேஞ்சரை, அதே இன்ஜினோடு, இழுவைக்கான கூடுதல் சாதனங்கள் இல்லாமல் வாங்கினால் எண் 3,500 பவுண்டாகச் சுருங்கிவிடும். பாதிக்கும் கீழே. இன்ஜினின் பலம் மட்டுமே இழுதிறன் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு விவரமே போதும்.

டிரெய்லர் தன் எடையை எல்லாம் தன் சக்கரங்களிலேயே வைத்துக்கொள்வதில்லை. ஒரு பங்கை முன்னே நீட்டியிருக்கும் கழுத்து வழியாக பிக்கப்பின் பின்புறக் கொக்கிமேல் அழுத்துகிறது. நம்மூர் மாட்டு வண்டிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். மூட்டைகளை அடுக்கும்போது நுகத்தடியில் கொஞ்சம் முன்பாரம் விழும்படி பார்த்துக்கொள்வார். பின்பாரமானால் வண்டி மாட்டின் கழுத்தைத் தூக்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். டிரெய்லருக்கும் அதே கணக்குதான், கொஞ்சம் கண்டிப்பாக. சரக்கோடு சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம்.

இந்த முன்பாரம் பிக்கப்பைப் பொறுத்தவரை இழுக்கும் சுமை அல்ல. முதுகில் ஏற்றிய சுமை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். விளம்பரத்தில் வராத, ஷோரூமில் யாரும் காட்டாத எண் அது. அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கென்றே அச்சிட்டது என்பதால் அதிகம் நம்பத்தக்கதும் அதுதான். சன்ரூஃப், நான்கு சக்கர இழுவை, பெரிய கேபின் என்று எதைச் சேர்த்தாலும் அந்த எண் குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டிக்கரில் 635 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு கதவுள்ள நடுத்தர பிக்கப்புக்கு இது அசாதாரணமான எண் அல்ல. பெரியவர்கள் இருவர், வளர்ந்த பிள்ளைகள் இருவர் என ஒரு குடும்பம் 270 கிலோ. பின்தட்டில் கருவிப் பெட்டி, மூடி, குளிர்பெட்டி எல்லாமாக 80. கொக்கியில் செருகும் இரும்புச் சாமான் 15. மிச்சம் 270 கிலோ. முன்பாரம் 12 சதவீதம் என்றால் டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து 2,250 கிலோ வரை போகலாம். சரக்கு சற்று முன்னால் அமைந்து 15 சதவீதம் ஆகிவிட்டால் 1,800தான். விளம்பரத்தின் 3,400 கிலோ எங்கே போயிற்று? அது ஓட்டுநரையும் ஒரு பயணியையும் மட்டும், ஆளுக்கு 68 கிலோ வீதம், ஏற்றிக்கொண்டு பார்த்த சோதனையின் எண்.

கொக்கி பின் அச்சுக்கு நேர்மேலே இல்லை, அதற்கு ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால் இருக்கிறது என்பது அடுத்த சிக்கல். நெம்புகோல் விதி இங்கே வேலை செய்கிறது. 2019 ரேஞ்சரின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 3.22 மீட்டர். கொக்கி 1.2 மீட்டர் பின்னால் இருந்து, அதன்மேல் 225 கிலோ அழுத்தினால் பின் அச்சில் கூடுவது 225 அல்ல, 309 கிலோ. உபரியான 84 கிலோ முன் அச்சிலிருந்து கழன்று வருகிறது. வண்டியைத் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கைச் சுமப்பதும் முன்சக்கரங்கள்தான். அவை தரையை அழுத்துவது குறைந்தால் இரண்டு வேலையும் தளரும். இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இதைச் சரிசெய்யவே எடையைப் பகிரும் கொக்கி என்று ஒன்று விற்கிறார்கள். முறுக்கேறிய இரண்டு எஃகுக் கம்பிகள், இணைப்பைக் கீழிருந்து நெம்பி, எடையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் திருப்பி அனுப்பும். நல்ல சாதனம். ஆனால் கதவுத்தூண் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அது கூட்டித் தராது. கூட்டித் தரும் என்று நம்புகிறவர்கள் நிறைய.

இவ்வளவு தொல்லை தரும் முன்பாரத்தைக் குறைத்துவிட்டால் என்ன? சரக்கைப் பின்னுக்குத் தள்ளினால் கொக்கி லேசாகிவிடுமே? இங்கேதான் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது. டிரெய்லர் என்பது முன்நுனியில் மட்டும் பிடித்துவைத்த ஒரு ஊசல். காற்றோ, பெரிய லாரி கடந்து போவதோ அதைப் பக்கவாட்டில் தட்டினால், சாய்ந்து உருளும் டயர்கள் தரையிலிருந்து பெறும் பக்கவிசை அதைத் திரும்ப நேராக்குகிறது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடச் சிறிதாகி அடங்கும். வேகம் கூடக்கூட இந்த அடக்கும் தன்மை குறைந்துகொண்டே வரும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் கதை தலைகீழ்: ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். எடைமையம் அச்சுக்குப் பின்னால் போகப்போக அந்த எல்லை வேகம் கீழே இறங்கும். அப்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்து, சில விநாடிகளில் பிக்கப்பின் பின்புறத்தையே இழுத்துச் சுழற்றிவிடும்.

எடைமையம் சரியாக இருந்து, கனமான பொருள்களை இரு நுனிகளிலும் வைத்தாலும் பாதி ஆபத்து உண்டு. நுனியில் கனமுள்ள பொருள் ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். ஆகவே கனமானவை அச்சுக்கு அருகே, சற்றே முன்பக்கம். ஆட்டம் வந்துவிட்டால் பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதிப்பது மோசமான யோசனை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். புதிய வண்டிகளில் கணினியே ஆட்டத்தை உணர்ந்து தனித்தனிச் சக்கரங்களுக்குப் பிரேக் கொடுக்கிறது. அதை நம்பிச் சரக்கைப் பின்னால் அடுக்குவது வேண்டாம்.

ஐரோப்பாவில் இதைவிடக் குறைந்த முன்பாரத்தோடு சிறிய கார்கள்கூடப் பெரிய டிரெய்லர்களை இழுக்கின்றன. அமெரிக்கர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள் என்று வாதிடுவோர் உண்டு. ஜெர்மனியில் டிரெய்லர் மாட்டிய காருக்கு வேகவரம்பு பொதுவாக 80 கிலோமீட்டர் என்பதை அவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவிலும் கலிஃபோர்னியா 89 கிலோமீட்டரில் நிறுத்துகிறது.

இனி டிரெய்லர் பக்கம் வருவோம். தோட்டக் கழிவு, சரளை, புல்வெட்டும் எந்திரம் ஏற்றும் திறந்த டிரெய்லரில் அதிகம் விற்பது ஒற்றை அச்சு வகை. அதன் அச்சு 3,500 பவுண்டு தாங்கும். ஆனால் பக்கத்தில் அறைந்திருக்கும் தகட்டில் மொத்த எடை வரம்பு 2,990 என்றிருக்கும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டு முதல் டிரெய்லருக்குத் தனிப் பிரேக் கட்டாயம். அந்தச் செலவைத் தவிர்க்கப் பத்து பவுண்டு குறைத்துத் தகடு அடிக்கிறார்கள். சட்டத்துக்கு உட்பட்ட சாமர்த்தியம்தான். வாங்குபவர் என்னவோ பிரேக் இல்லாத ஏறக்குறைய 1.36 டன்னை பிக்கப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு போகிறார்.

இந்த வகையில் 6 அடி அகலம், 12 அடி நீளமுள்ள ஒன்று காலியாகவே 450 கிலோ இருக்கலாம். வரம்பு 1,356 கிலோ என்பதால் ஏற்றக்கூடியது 900 கிலோ. வாங்கியவர் சரளைக் கடைக்குப் போகிறார். சுற்றிலும் ஒரு அடி உயரத் தடுப்பு. நிரப்பினால் இரண்டு கன மீட்டர், மூன்று டன்னுக்கு மேல். 900 கிலோவுக்கு நிறுத்த வேண்டுமானால் தட்டு முழுவதும் சுமார் 9 சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான் சரளை கொட்டலாம். பார்ப்பவருக்கு டிரெய்லர் காலியாகத் தெரியும். லோடர் ஓட்டுகிறவர் இன்னொரு வாளி கொட்டட்டுமா என்று கேட்பார். அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்பவர்கள் குறைவு.

அடுத்தது இரட்டை அச்சு, 7,000 பவுண்டு டிரெய்லர். என் வண்டி 7,500, இது 7,000, பொருத்தம் பிரமாதம் என்று முடிவெடுக்கும் இடம் இதுதான். முழுச் சரக்கோடு 12 சதவீத முன்பாரம் 840 பவுண்டு. கொக்கி தாங்கும் முன்பாரமோ பெரும்பாலும் இழுதிறனில் பத்தில் ஒரு பங்குதான், இங்கே 750. ஸ்டிக்கர் கணக்குக்குப் போகும் முன்பே கொக்கியில் பொருத்தம் தட்டிவிட்டது. டிரெய்லரும் சேர்த்து மொத்தம் 5,000 பவுண்டுவரை மட்டும் ஏற்றிக்கொண்டு, மிச்சத்தைத் தொடாமல் இருக்க முடியுமானால் இரட்டை அச்சு நல்லதே: வாலாட்டம் குறைவு, ஒரு டயர் வெடித்தாலும் சமாளிக்கலாம். ஆனால் காலி எடையே 900 கிலோவை ஒட்டி வரும். நடுத்தர பிக்கப் வைத்திருப்பவருக்குப் பிரேக் உள்ள ஒற்றை அச்சு டிரெய்லரே ஏற்ற ஜோடி என்பது என் கட்சி.

பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 90இல் போவதைவிட 110இல் போகும்போது அதே சுமையை நிறுத்த ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வெப்பத்தை பிரேக்குகள் விழுங்க வேண்டியிருக்கும். டிரெய்லரின் மின் பிரேக் எளிமையான ஏற்பாடு. டிரம்முக்குள் ஒரு மின்காந்தம். மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் உட்பரப்பில் ஒட்டப் பார்க்கும், டிரம் அதை இழுத்துக்கொண்டு போகும், அந்த இழுப்பு ஒரு நெம்பைத் தள்ள, பிரேக் கட்டைகள் விரியும். இதற்கு நான்கு முனை விளக்கு இணைப்பு போதாது. ஏழு முனை இணைப்பும், பிக்கப்புக்குள் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும்.

சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அதன் எண்தான் மொத்தத்துக்கும் எண். கொக்கி, அதில் செருகும் தண்டு, உருண்டை, பாதுகாப்புச் சங்கிலி, டயர் என ஒவ்வொன்றிலும் ஒரு எடை பொறித்திருக்கும். உருண்டையில் இன்னொரு வம்பு. 2 அங்குல உருண்டையின்மேல் 2 5/16 அங்குலக் கிண்ணம் அழகாக உட்கார்ந்துவிடும், பூட்டும்கூட விழும். முதல் பெரிய பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கழுத்துக்குக் கீழே குறுக்காகப் போடுவது, அப்படிக் கழன்ற கழுத்து தரையில் குத்தாமல் தாங்கிக்கொள்ளத்தான்.

கணக்கெல்லாம் ஊகம் இல்லாமல் தெரிய வேண்டுமானால், நெடுஞ்சாலை ஓர லாரி நிலையங்களிலுள்ள எடைமேடைக்குப் போகலாம். மேடை மூன்று தட்டுகளாகப் பிரிந்திருக்கும். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று மூன்று எண்கள் தனித்தனியே அச்சாகி வரும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு பிக்கப்பை மட்டும் இன்னொரு முறை நிறுத்தினால், முதல் முறை வந்த இரு அச்சுகளின் கூட்டுத்தொகையிலிருந்து இதைக் கழிக்க முன்பாரம் கிடைக்கும். அது கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால் சரக்கை இறக்க வேண்டியதில்லை, நகர்த்தினால் போதும். கொக்கியிலிருந்து அச்சு 3.5 மீட்டர் தள்ளி இருக்கும் டிரெய்லரில், 500 கிலோ எந்திரத்தை அரை அடி முன்னுக்கு இழுத்தால் முன்பாரம் சுமார் 22 கிலோ கூடும்.