தெருவின் மட்டமும் வீட்டுக்காரரின் நஷ்டமும்

வீடு கட்டத் தொடங்குகிறவர் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே தெருவின் மட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். வாசற்படிகள் எத்தனை, தளம் எவ்வளவு உயரம், மழைநீர் எந்தப் பக்கம் வழிந்தோட வேண்டும், வண்டி உள்ளே வருவதற்குச் சரிவு எப்படி அமைய வேண்டும் என்னும் கணக்குகளெல்லாம் அந்த ஒரு மட்டத்தை ஆதாரமாகக் கொண்டே போடப்படுகின்றன. ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டி அவ்வாறு கட்டி முடித்த வீட்டின் எதிரே, சில வருஷங்கள் கழித்து நகரசபை ஆட்களை அனுப்பித் தெருவைப் பத்தடி வெட்டித் தாழ்த்திவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நிலத்தில் ஓர் அங்குலத்தையும் யாரும் தீண்டவில்லை. பத்திரம் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் ஏற வழியில்லை. இந்த நஷ்டத்தை யார் ஈடு செய்வது என்ற கேள்வியை அமெரிக்க நாட்டின் நீதிமன்றங்கள் ஒரு நூற்றாண்டு காலம் விசாரித்த வரலாறு, சொத்துரிமை என்பது எதுவரை செல்லும் என்பதை அறிய விரும்பும் எவரும் படித்துப் பார்க்கத் தக்கது.

அந்த நாட்டில் இக்கேள்வி அவ்வளவு கூர்மையாக எழுந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே பல நகரங்கள் தலைமுறை தலைமுறையாக மெல்ல விரிந்த ஊர்கள் அல்ல. குன்றென்றும் சதுப்பென்றும் பாராமல் காகிதத்தில் கட்டங்கள் வரைந்து, மனைகளை விற்று, மக்கள் குடியேறி வீடு கட்டிய பிறகே, அந்தக் கோடுகளின் மீது பாரவண்டிகள் ஏற முடியாமலும் சாக்கடை ஓட முடியாமலும் இருப்பதைக் கண்டு, மேட்டை வெட்டிப் பள்ளத்தைத் தூர்க்கும் வேலையை நகரசபைகள் மேற்கொண்டன. வேலை அவசியமானதுதான், அதை மறுப்பதற்கில்லை. சாலை சமமானதால் வாணிகம் பெருகிற்று, சுகாதாரம் மேம்பட்டது, ஊர் முழுவதும் பயனடைந்தது. ஆனால் அப்பயனுக்கு உரிய விலையில் பெரும்பங்கு, மேட்டின் உச்சியிலோ பள்ளத்தின் அடியிலோ வீடு கட்டியிருந்த ஒரு சிலருடைய தலையில் விழுந்தது.

பாஸ்டன் நகரத்து வழக்கு ஒன்று 1823-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைமை நீதிமன்றத்தில் முடிவாயிற்று. சாலைகளை மேற்பார்க்கும் உத்தியோகஸ்தர் தெருவை ஆழமாக வெட்டி மண்ணை அப்புறப்படுத்தியதால், அதையொட்டியிருந்த ஒரு வீட்டின் அஸ்திவாரச் சுவர்கள் வெளியே தெரிந்தன. வீடு விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் உடைமையாளர் பெருஞ்செலவு செய்து புதுச்சுவர் எழுப்பிக் காப்பாற்றிக்கொண்டார். அந்தச் செலவைக் கேட்டு அவர் தொடுத்த வழக்கு தள்ளுபடியாயிற்று. சாலைக்கென்று நிலத்தை முதலில் எடுத்துக்கொண்டபோதே, அதைச் சீர்திருத்திக்கொள்ளும் உரிமையும் சேர்ந்து பொதுமக்களுக்கு வந்துவிட்டது என்றும், தெருவோரத்தில் மனை வாங்குகிறவர் பிற்காலத்தில் அத்தெரு தாழ்த்தப்படவோ உயர்த்தப்படவோ கூடும் என்பதை எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பேசியிருக்க வேண்டும் என்றும் பிரதம நீதிபதி ஐசக் பார்க்கர் காரணம் கூறினார். இருபது ஆண்டு கழித்து எந்தப் பொறியாளர் எத்தனை அடி வெட்டுவார் என்பதை மனை வாங்கும் நாளில் அறிந்து பேரம் பேசக்கூடிய மனிதர் எந்த ஊரில் இருக்கிறார்? அறிவும் அனுபவமும் மிக்க நீதிபதி ஒருவர் இப்படிப்பட்ட வாதத்தை மேற்கொண்டதற்கு, சாலை வேலை தடைப்பட்டுவிடக் கூடாதே என்ற கவலையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அந்த மாநிலத்துச் சட்டசபையே இத்தீர்ப்பில் திருப்தி கொள்ளவில்லை என்பது, சாலையை உயர்த்துவதாலோ தாழ்த்துவதாலோ பக்கத்து நிலத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு ஈடு தரவேண்டும் என்ற விதி 1836-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றிருப்பதிலிருந்து விளங்குகிறது.

சாலை வேலை தடைப்படுமோ என்ற அந்தக் கவலையின் வேர் இங்கிலாந்தில் இருந்தது. 1792-இல் கண்ணாடி வார்க்கும் கம்பெனி ஒன்று, தளம் பாவும் அதிகாரிகள் தெருவை உயர்த்தியதால் தன் வண்டிகளின் வழி தடைப்பட்டதென்று வழக்காடியபோது, இத்தகைய வழக்குகளுக்கு இடங்கொடுத்தால் சாலைச் சட்டம் ஒவ்வொன்றும் எண்ணற்ற வழக்குகளைப் பெற்றெடுக்கும் என்று கூறி நீதிபதி லார்டு கென்யன் கதவை அடைத்தார். அவருடைய அச்சம் கடல் கடந்து அமெரிக்க நீதிபதிகளின் உள்ளத்திலும் குடிபுகுந்தது.

ஜார்ஜ்டவுன் நகரத்தின் வழக்கு இன்னும் வேதனையானது. அந்நகரசபை 1799-இல் ஒரு விதி இயற்றி, அளவையாளர்கள் குறித்துக் கொடுக்கும் தெரு மட்டமே இனி எக்காலத்துக்கும் உரிய மட்டம் என்றும், நகரசபையையும் மற்ற யாவரையும் அது கட்டுப்படுத்தும் என்றும் வாக்களித்திருந்தது. அந்த வாக்கை நம்பி வீடு கட்டினார் ஒருவர். பிற்பாடு நகரசபை மனம் மாறி மட்டத்தையும் மாற்றத் துணிந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்று, 1821-இல், ஒப்பந்தங்களின் புனிதத்தைப் பல வழக்குகளில் நிலைநாட்டிய அதே பிரதம நீதிபதி ஜான் மார்ஷல், ஓர் ஆட்சிமன்றம் தனக்குரிய சட்டமியற்றும் அதிகாரத்தைத் தானே நிரந்தரமாகக் குறுக்கிக்கொள்ள முடியாது என்று கூறி நகரசபையின் பக்கமே தீர்ப்பளித்தார். நாளைய தேவைக்காக நகரம் தன் தெருவை மாற்றும் சுதந்திரத்தை இழந்துவிடக் கூடாது என்பது சரியே. ஆயினும், மாற்றும் சுதந்திரம் நகரத்துக்கு இருக்கட்டும், மாற்றியதால் வந்த செலவும் அதையே சேரட்டும் என்று சொல்ல ஒருவரும் அன்று முன்வரவில்லை.

1850-இல் புருக்ளின் நகரத்தில், ஃபர்மன் தெருவை வெட்டியபோது பக்கவாட்டு மேட்டு நிலம் பிடிமானமிழந்து சரிந்தது. நியூயார்க் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கும் ஈடு இல்லை என்றது. நிலத்தை நகரம் எடுத்துக்கொண்டால்தானே அரசியல் சட்டப்படி விலை தரவேண்டும். சரிந்து விழுந்த மண்ணை நகரம் எடுத்துக்கொள்ளவில்லையே என்பது அதன் நியாயம். ஓஹையோ மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் மட்டும் ஏறக்குறைய அதே காலத்தில் தனித்து நின்று, ஊராரின் நன்மைக்காகச் செய்த காரியத்தால் ஒருவருடைய உடைமை கெட்டால் ஊர்தான் கொடுக்க வேண்டும் என்று கூறிவந்தது. 1846-இல் ஆக்ரன் நகரத்தைப் பற்றி அது அளித்த தீர்ப்பைப் பிற மாநிலத்து நீதிபதிகள் வழிதவறிய தீர்ப்பென்றே நெடுநாள் ஒதுக்கிவந்தார்கள்.

மனம் மாறுவதற்குச் சிகாகோ தேவையாக இருந்தது. மிச்சிகன் ஏரிக்கரையில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே மேலாக அமைந்த அந்த நகரத்தில் சாக்கடை வடிய இடமில்லாமல் கொள்ளைநோய் வாட்டியபோது, பொறியாளர் எல்லிஸ் செஸ்ப்ரோவின் திட்டப்படி, 1850-களின் நடுவிலிருந்து தெருக்களின் மேலேயே சாக்கடைக் குழாய்களைப் பதித்து, அவற்றை மண்ணால் மூடித் தெருவையே உயர்த்தினார்கள். தெரு உயர்ந்ததும் வீடுகளும் கடைகளும் பள்ளத்தில் நின்றன. 1858 ஜனவரியில், நான்கு மாடிகளும் ஏறத்தாழ 750 டன் எடையும் உள்ள ஒரு செங்கற் கட்டடத்தை 200 திருகு ஜாக்கிகளின் மேல் நிறுத்தி ஆறடிக்கு மேல் தூக்கினார்கள். அதைத் தொடர்ந்து பெரிய ஓட்டல்களும், ஒரு வீதியின் கடைவரிசை முழுவதுமே கூடத் தூக்கப்பட்டன. பொறியியல் அற்புதம் என்று இதை உலகம் கொண்டாடிற்று, கொண்டாடத் தக்கதுதான். ஆனால் தூக்குகூலியைக் கட்டடத்துக்கு உரியவர்களே கொடுத்தார்கள் என்பதையும், வசதியுள்ளவர் தூக்கிக்கொள்ள வசதியற்றவர் பள்ளத்திலேயே கிடந்ததால், நடைபாதையில் போகிறவர்கள் வீட்டுக்கு வீடு படிகளில் ஏறி இறங்க வேண்டியிருந்தது என்பதையும் அந்தக் கொண்டாட்டத்தோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

சிகாகோ அடங்கிய, இத்தகைய அனுபவத்தில் ஊறிய இல்லினாய் மாநிலம் 1870-இல் புதிய அரசியல் சட்டம் வகுத்தபோது, பொது உபயோகத்துக்காகத் தனியார் சொத்தை எடுத்துக்கொண்டால் மட்டுமன்றி, அதற்குச் சேதம் விளைவித்தாலும் நியாயமான ஈடு தரவேண்டும் என்று எழுதிவைத்தது. பழைய வாசகத்தோடு ஒரே ஒரு சொல் கூடிற்று. அரை நூற்றாண்டுத் தீர்ப்புகள் அதனால் வலுவிழந்தன. பத்தாண்டுக்குள் மிசூரி, கொலராடோ, ஜார்ஜியா, கலிபோர்னியா முதலிய பல மாநிலங்கள் அதே வழியைப் பின்பற்றின. 1882-இல் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ரயில்பாதைக்கு மேல் பாலம் எழுந்ததால், சுமார் 220 அடி தள்ளி வேறொரு தெருவில் வீடு வைத்திருந்தவர் பிரதான வீதிக்குச் செல்லும் வழியை இழந்து வழக்கிட்டபோது, எல்லோருக்கும் நேரும் அசௌகரியத்துக்கும் மேலாக அவருடைய சொத்துக்கே உரிய விசேஷ நஷ்டம் நேர்ந்திருப்பதால் ஈடு உண்டு என்று மாநிலத் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் நிலக்கரிக் கிடங்கு ஒன்றைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும், நீதிபதி ஹார்லனின் தீர்ப்பின் மூலம், அதை ஏற்றுக்கொண்டது.

சியாட்டில் நகரத்தில் இந்த விதி தன் முழு வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டிற்று. 1889-இல் எழுதப்பட்ட வாஷிங்டன் மாநில அரசியல் சட்டம், சேதத்துக்கும் ஈடு தரவேண்டும் என்பதோடு, அதை முன்கூட்டியே தரவேண்டும் என்றும் விதித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் நகரத்தின் மையப்பகுதி தீக்கிரையான பிறகு, வியாபாரிகள் பழைய மட்டத்திலேயே அவசரமாகக் கடைகளைக் கட்ட, நகரசபை தெருக்களைப் பல அடி உயர்த்திற்று. நடைபாதைக்கும் தெருவுக்கும் இடையே ஏணி வைத்து ஏறி இறங்கிய காலம் ஒன்று அங்கே இருந்தது. பிறகு பொறியாளர் ஆர். எச். தாம்சன் குன்றுகளைக் கரைக்கத் தொடங்கினார். பீரங்கி போன்ற குழாய்களிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியும் பிற முறைகளிலும் டென்னி குன்றைக் கரைத்துக் கடலில் விட்ட வேலை, இடையிடையே நின்று நின்று, 1930-இல்தான் ஓய்ந்தது.

அக்காலப் புகைப்படங்களில், சுற்றிலும் வெட்டப்பட்ட சமவெளியின் நடுவே, கோபுரம்போல் எஞ்சிய மண்தூண்களின் உச்சியில் வீடுகள் அந்தரத்தில் நிற்பதைக் காணலாம். வீம்பினால் நின்ற மேடுகள் என்று ஊரார் அவற்றுக்குப் பெயரிட்டார்கள். அந்தப் பெயர் எனக்கு அநியாயமாகவே படுகிறது. நகரம் தன் செலவில் வெட்டியது தெருவை மட்டுமே. மனைக்குள் இருக்கும் மேட்டை மனைக்காரரே கூலி கொடுத்து வெட்டிக்கொள்ள வேண்டும். கூலிக்குப் பணமில்லாதவரும், கிடைக்கப்போகும் ஈடு போதாதென்று எண்ணியவரும், வாழ்ந்த வீட்டை விட மனமில்லாதவரும் ஆகிய பலதரப்பட்ட மனிதரை ஒரே வசைச்சொல்லில் அடக்குவது, வெற்றி பெற்றவர்கள் எழுதும் சரித்திரத்தின் வழக்கம்.

ஈட்டின் கணக்கும் வெளியார் நினைப்பதுபோல் எளிதன்று. வேலைக்கு முன் சொத்து என்ன விலை பெறும், வேலைக்குப் பின் என்ன பெறும் என்பதே அடிப்படை. தாங்கு சுவர், புதிய படிகள், வீட்டை இறக்கும் செலவு ஆகியவை அந்த வித்தியாசத்தை நிறுவும் சாட்சியங்கள். ஜூரிகள் ஒரு தொகையை நிர்ணயித்த பிறகு, சமமான தெருவினால் அம்மனைக்கு விளையும் நன்மையும் மதிப்பிடப்பட்டு, அதற்குரிய வரி உடைமையாளர்மேல் விழும். ஒரு கையால் வாங்கிய ஈட்டை மறுகையால் வரியாகக் கட்டியவர்கள் உண்டு. நன்மை என்று எழுதப்பட்டது இனி நிலம் விற்கும்போது கிடைக்கக்கூடிய விலை. நஷ்டமோ இன்றே நேர்ந்தது. விற்கும் எண்ணமே இல்லாமல் தன் வீட்டில் முதுமையைக் கழிக்க நினைத்தவருக்கு அந்த நன்மை எந்நாளும் கைக்கு வராத நன்மை.

நம் நாட்டில் 1894-ஆம் ஆண்டு நில ஆர்ஜிதச் சட்டம், ஒருவருடைய நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டால், எஞ்சிய பகுதிக்கு நேரும் கேட்டையும் ஈட்டில் சேர்க்கச் சொல்லிற்று. அதற்குப் பதிலாக வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே சொல்கிறது. ஆனால் ஒரு சாண் நிலமும் எடுக்கப்படாதவருக்கு அந்த வாசலும் இல்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, திண்ணையும் தெருவும் ஒரே மட்டமாகி, மழை பெய்தால் நடுக்கூடத்தில் நீர் நிற்கும் வீடுகளைச் சென்னையின் பழைய தெருக்களில் யாரும் காணலாம். பாஸ்டனில் வெட்டியதும் இங்கே உயர்த்தியதும் வேறுவேறு காரியங்களாயினும், நஷ்டம் நேரும் விதம் ஒன்றே. சுரண்டிய பிறகே போட வேண்டும் என்ற கட்டளை காகிதத்தில் இருப்பதால், தளத்தை உயர்த்த வழியற்ற குடும்பத்துக்கு ஆன செலவு திரும்பிவிடுவதில்லை.

அமெரிக்காவிலேயே தீராத பகுதி ஒன்று இன்னும் இருக்கிறது. தெருவின் மட்டம் நிரந்தரமாக மாறினால் பல மாநிலங்களில் ஈடு கிடைக்கும். ஆனால் வேலை நடக்கும் மாதங்களில் தெரு தோண்டிக் கிடப்பதால் வாடிக்கையாளர் வராமல் வியாபாரம் முடங்கிப்போன கடைக்காரருக்கு, பெரும்பாலான மாநிலங்களில், அந்த வருமான இழப்பு எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டிய தற்காலிக அசௌகரியமாகவே கருதப்படுகிறது. கடையை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறு வியாபாரியின் நிலை இதில் மிகவும் இரங்கத்தக்கது. உயர்ந்த நிலவிலையின் லாபம் கட்டடத்துக்கு உரியவரைச் சேர, வேலை முடியும்வரை தாக்குப்பிடிக்க முடியாமல் அவர் கடையை மூடிக்கொண்டு போகிறார்.