நித்திரை வராததற்கு மனம் மட்டும்தான் காரணமா?

எங்கள் சமூகத்துக்கு இரவு என்பது நீண்ட காலம் ஓய்வுக்கான நேரமாக இருக்கவில்லை. வன்னியில் ஷெல் விழுந்த இரவுகளைப் பதுங்குகுழிக்குள் கழித்தவர்கள் இருக்கிறார்கள். கொழும்பிலும் அச்சம் இருந்தது. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களிலுள்ள லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் எழுப்பப்பட்டு பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் கதவு தட்டப்படும் சத்தத்துக்குப் பழகிய காதுகளுக்கு எந்த நீதிமன்றத்தாலும் தடை போட முடியாது. இன்றும் இரவில் சிறு சத்தம் கேட்டாலும் திடுக்கிட்டு எழும்புகிற பெண்கள் பலர்.

இப்படிப்பட்ட உள்ளக் காயத்தை நாங்கள் 'மனவடு' என்கிறோம். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல வைத்திய நிபுணர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தமது தமிழ் நூலுக்கு இந்தச் சொல்லையே பெயராக வைத்தார். கெட்ட கனவு, திடுக்கிட்டு விழித்தல், விடியும்வரை நித்திரை வராமை என்பன மனவடுவின் முக்கியமான அறிகுறிகள். இது பைத்தியமல்ல. ஆபத்தான காலத்தில் எங்களை உயிருடன் காப்பாற்றிய விழிப்பு, ஆபத்து நீங்கிய பின்பும் ஓய மறுக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் இரவில் நித்திரை கெடுவதற்கெல்லாம் மனமே காரணம் என்று எண்ணிவிடக்கூடாது. சிலருக்கு வேறொரு காரணமும் சேர்ந்திருக்கும். அது தொண்டையில் இருக்கிறது.

மூச்சு நிற்கும் நோய்

நாங்கள் நித்திரையாகும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை அளவுக்கு மீறித் தளர்ந்து மூச்சு வழியை அடைத்துவிடும். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோகும். இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்ததும் மூளை ஆளை அரைவிழிப்பாக எழுப்புகிறது. பெரிய குறட்டையோடு மூச்சு திரும்ப வரும். மீண்டும் நித்திரை, மீண்டும் அடைப்பு. ஒரு மணித்தியாலத்தில் ஐந்து தடவைக்கு மேல் இப்படி நடந்தால் கவனிக்க வேண்டும். முப்பது தடவையைத் தாண்டினால் கடுமையான நோய். இதனை வைத்தியர்கள் 'ஸ்லீப் அப்னியா' என்பார்கள். நாங்கள் நித்திரை மூச்சுத்தடை என்று சொல்லலாம். கவனிக்காமல் விட்டால் உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், பாரிசவாதம் ஆகியவற்றுக்கு இது வழிவிடும்.

இதற்கும் யுத்தத்துக்கும் என்ன தொடர்பு? அமெரிக்காவில் ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களில் பங்குபற்றிய 195 முன்னாள் படையினரிடம் நடத்திய ஆய்வொன்று 2015இல் வெளியானது. கேள்விக்கொத்து மூலம் விசாரித்ததில் 69 வீதமானோர் இந்த நோய்க்கான ஆபத்து அதிகமுள்ளவர்களாகக் காணப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இளவயதினர். மனவடு கடுமையாக இருந்தவர்களிடம் அந்த ஆபத்தும் கூடியிருந்தது. ஒன்று மற்றதை வளர்க்கிறது என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். மூச்சு அடைபட்டு விழிப்பதால் நித்திரை துண்டு துண்டாகிறது. துண்டான நித்திரையில் கெட்ட கனவு கூடுகிறது.

எங்கள் வீடுகளிலும் ஆயுதம் ஏந்தியிருந்து, 2009க்குப் பின் புனர்வாழ்வு பெற்றுத் திரும்பிய கணவர், மகன், சகோதரி இருக்கிறார்கள். தெற்கிலே முன்னாள் இராணுவ வீரர்களின் மனைவிமாருக்கும் இதே இரவுகள்தான். தம் கடந்த காலத்தைச் சொல்ல அஞ்சி வைத்தியரிடம் போகாதவர்கள் பலர். அவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: குறட்டையைப் பற்றியும் மூச்சு நிற்பதைப் பற்றியும் பேச, எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அது சளி, காய்ச்சல்போல உடல் நோய்.

எப்படி அறிவது?

நோயாளிக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். பலத்த குறட்டை, இடையில் மௌனம், பின்பு திணறி மூச்சிழுத்தல் என்பன முக்கிய அடையாளங்கள். காலையில் தலையிடி, வாய் உலர்தல், பகலில் தூங்கி விழுதல், எரிச்சல், மறதி ஆகியனவும் உண்டு. முச்சக்கர வண்டி ஓட்டுபவர் கண்ணயர்ந்தால் உயிராபத்து. தையல் இயந்திரத்தின் முன் கண்ணயர்ந்தால் விரலுக்கு ஆபத்து.

பெண்களிடம் குறட்டை மெல்லியதாக இருக்கலாம். களைப்பு, நித்திரையின்மை, மனச்சோர்வு என்றே அது வெளிப்படும். அதனால் 'யோசனை கூடிப்போச்சு' என்று சொல்லி விட்டுவிடுவார்கள். மாதவிடாய் நின்ற பின் இந்நோய் பெண்களிடம் கூடுகிறது. யுத்தத்தில் கணவரை இழந்து தனியே படுக்கும் பெண்ணுக்குக் குறட்டையைச் சொல்லவும் ஆளில்லை. அப்படியானவர்கள் பிள்ளையிடமோ அறையில் கூட இருப்பவரிடமோ கேட்டுப் பார்க்கலாம்.

என்ன செய்யலாம்?

முதலில், செய்யக்கூடாதது. துண்டு இல்லாமல் மருந்துக்கடையில் நித்திரைக் குளிசை வாங்க வேண்டாம். அவற்றிற் பல தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். மதுவும் அப்படியே. 'குடித்தால்தான் நித்திரை வரும்' என்கிற ஆண்களுக்கு இதை விளக்க வேண்டும். ஆனால் நீண்டநாள் குளிசை பாவிப்பவர்கள் திடீரென நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்டுக் குறைக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்குக் கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை தடவை விழித்தது, விழித்தபோது கனவு நினைவிருந்ததா, மூச்சுத் திணறியதா, காலையில் தலையிடியா. அதை எடுத்துக்கொண்டு அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். வெள்ளவத்தையில் இருப்போருக்குக் களுபோவில வைத்தியசாலை கிட்ட. கொட்டாஞ்சேனையில் இருப்போர் தேசிய வைத்தியசாலைக்குப் போகலாம். தேவையானால் அங்கிருந்து விசேட வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். சிங்களம் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

இலேசான நோய்க்குச் சரிந்து படுப்பதும் உடல் எடையைக் குறைப்பதும் உதவும். கடுமையானால், முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுவழியைத் திறந்து வைக்கும் இயந்திரம் உண்டு. சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981இல் இதைப் பற்றி எழுதினார். அது விலை கூடியது. பதுங்குகுழியில் மூச்சு முட்டியவர்களுக்கு முகமூடி பழைய பயத்தைக் கிளப்பலாம். பகலில், விழித்திருக்கும்போது, சில நிமிடம் அணிந்து பழகினால் பயம் தணியும்.

கெட்ட கனவுக்கும் வழியுண்டு. கனவின் முடிவைப் பகலில் தாம் விரும்பியபடி மாற்றி, அந்தப் புதிய கனவை மனதில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி அது. பாலியல் வன்முறைக்குள்ளான 168 பெண்கள் பங்குபற்றிய அமெரிக்க ஆய்வொன்று, இது கனவுகளைக் குறைத்ததாக 2001இல் எடுத்துக் காட்டியது. மிகக் கொடிய கனவோடு தொடங்காமல், உளவளத்துணையாளரின் உதவியுடன் செய்வது நல்லது. பேச ஆளில்லாத இரவில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

சகோதரிகளே, நித்திரையில்லாமல் கிடப்பதை எங்கள் தலைவிதி என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இன்றிரவு வீட்டில் யார் குறட்டை விடுகிறார்கள், அந்தக் குறட்டை இடையில் நிற்கிறதா என்று காதுகொடுத்துக் கேளுங்கள். உங்கள் குறட்டையைக் கேட்டுச் சொல்ல இன்னொருவரிடம் கேட்கவும் வெட்கப்பட வேண்டாம்.