ஆலைக் கருவிகளின் உரையாடல்

ஆலையொன்றிலே வெப்பத்தை அளக்குங் கருவியும், நீரை விடுத்துத் தடுக்கும் வால்வும், சுழலும் மோட்டரும் தனித்தனியே தொழில் புரிவன. இவற்றை ஒரு கட்டுப்பாட்டுப் பொறியின் ஆணைக்குள் அமைத்தல் வேண்டின், இடையே செய்தி சென்று மீளுதற்கு வழி வேண்டும். கருவியை அவ்வழியோடு பிணைப்பது தொடர்பாடல் அலகு எனப்படும். கம்பிகளைப் பொருத்தியவுடன் இவ்விணைப்பு முற்றுப்பெறும் எனக் கருதுவோர் பலர். அது பொருந்தாது. கம்பி தருவது வழியை மாத்திரமே. அவ்வழியிற் பேசும் ஒழுங்கினையும் அலகு பெற்றிருத்தல் வேண்டும்.

அமெரிக்காவின் மொடிக்கன் நிறுவனம் 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட மொட்பஸ் என்னும் முறையை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். முறுக்கிய கம்பிகளின் வழியே நிகழும் இவ்வுரையாடலில் தலைமைக் கருவியே வினவும். வினவப்பட்ட அலகு மாத்திரமே விடை பகரும். ஆதலின் ஒவ்வோர் அலகுக்கும் 1 முதல் 247 வரையுள்ள எண்களுள் தனக்கேயுரிய முகவரி ஒன்று வேண்டும். இரண்டு அலகுகள் ஒரே முகவரியைப் பெறின், இரண்டும் ஒருங்கே விடை பகர, மின்குறிகள் மோதிச் சிதையும். செய்தியின் ஈற்றிலுள்ள 16 பிட் சோதனையெண் பொருந்தாமையால், தலைமைக் கருவி அவ்விடையைத் தள்ளிவிடும். வேகமும் ஒன்றாதல் வேண்டும். செக்கனுக்கு 9,600 பிட் வேகத்தில் வருஞ் செய்தி, 19,200 பிட் வேகத்துக்கு அமைந்த அலகுக்கு விளங்காது.

கம்பியின் முனையை அடைந்த மின்குறி, கிணற்றுட் பாய்ந்த குரல்போல எதிரொலித்து மீளும். அதனைத் தடுத்தற்கே, பெரும்பாலும் 120 ஓம் அளவினதான தடையொன்று வழியின் இரு முனைகளிலும் வைக்கப்படுகின்றது. இடையிலுள்ள அலகுகளிலும் தடை வைப்பின் மின்குறி நலிவுறும்.

இவை யாவும் செவ்வனே அமைந்த பின்னரும் ஒரு வினா எஞ்சி நிற்கும். கம்பி அறுந்து செய்தி வாராதொழியின் அலகு யாது செய்யும்? இறுதியாகப் பெற்ற ஆணையையே அது பற்றி நிற்குமாயின், திறந்த எரிபொருள் வால்வு திறந்தபடியே இருக்கும். கொதிகலனருகே நிற்போர் உயிருக்கும் ஊறு நேரலாம். ஆகவே, குறித்த நேரத்துட் செய்தி வாராவிடின் கருவியைப் பாதுகாப்பான நிலைக்குக் கொணருமாறு அலகினை முன்னரே அமைத்தல் வேண்டும். அந்நிலை கருவிக்கேற்ப வேறுபடும்: எரிபொருள் வால்வு மூடுதல் நன்று, குளிர்நீர் வால்வு பெரும்பாலும் திறத்தல் நன்று. இதனைத் தெளிந்து துணிதல் அலகின் கடனன்று, பொறியியலாளனின் கடனாகும். ஆலை தொழிற்படத் தொடங்குமுன் கம்பியை வேண்டுமென்றே ஒருமுறை கழற்றி நோக்குதலே இணைப்பின் நிறைவான சோதனை. பேச்சு நின்றவிடத்தும் தீங்கு நேராத இணைப்பே செம்மையான இணைப்பாம்.