காரம் குடியிருக்கும் சீசா

நம் இல்லங்களில் தினந்தோறும் நடைபெறும் வழக்கு ஒன்று உண்டு. குழம்பில் காரம் போதவில்லை என்று முகம் சுளிப்பார் ஒருவர். அதே குழம்பை வாயில் வைத்த மாத்திரத்தில் குழந்தை தண்ணீருக்கு ஓடும். வயிற்றுப் புண்ணுக்கு மருந்து சாப்பிடும் பாட்டியோ, ரஸத்தைத் தொடாமலே மோரைக் கேட்டுவிடுவார். இத்தனை பேருக்கும் ஒரே பாத்திரத்தில் சமைக்க வேண்டியவளின் சங்கடத்தை யார் அறிவார்?

இவ்வழக்கைத் தீர்க்க நாம் கண்ட வழி, காரத்தை மட்டும் பிரித்தெடுத்து ஒரு சீசாவில் அடைத்து வைப்பதே. சமையலைக் காரம் குறைத்துச் செய்துவிட்டு, வேண்டியவருக்கு வேண்டிய அளவு இலையில் விடலாம்.

மிளகாய் நமது பூர்விகச் சொத்து அன்று. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அது, போர்ச்சுகீசியர் கப்பல்களில் ஏறி 16-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர். மிளகாயின் உறைப்புக்குக் காரணம் கேப்சைசின் என்னும் வஸ்து. அநேகர் நினைப்பதுபோல் அது விதையில் உண்டாவதில்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சதையிலேதான் உண்டாகிறது. தண்ணீரில் அது கரைவது அரிது. எண்ணெயில் நன்றாகக் கரையும். நாக்கு எரியும்போது தண்ணீர் குடித்தும் பயனில்லாமற் போவது இதனால்தான். ஆகவே, காரத்தை இறக்குவதற்கு எண்ணெயே ஏற்றது. சீன தேசத்துச் சிச்சுவான் மாகாணத்தார் சூடான எண்ணெயை மிளகாய்ப் பொடியின் மேல் ஊற்றிச் சிவந்த எண்ணெய் தயாரிப்பதும் இந்த முறையில்தான்.

செய்யும் விதம் இது: நன்றாகக் காய்ந்த சம்பா மிளகாய் வற்றல் 25 கிராம் எடுத்துக் காம்பு கிள்ளி, மீண்டும் ஒரு நாள் வெயிலில் காயவைத்து, ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளவும். நல்லெண்ணெய் 250 மில்லியைக் காய்ச்சி இறக்கி, சற்று ஆறவிடவும். ஒரு துண்டு மிளகாயைப் போட்டுப் பார்த்தால், சுற்றிலும் சிறு குமிழிகள் எழவேண்டும், நிறம் மாறக்கூடாது. உடனே கறுத்தால் இன்னும் சூடு தணியவேண்டும் என்று அர்த்தம். முதல் முறை நாம் இந்தப் பொறுமை இல்லாமல் கொதிக்கும் எண்ணெயில் மிளகாயைக் கொட்டிவிட்டோம். வீடு முழுவதும் இருமிற்று. எண்ணெயும் கசந்து போயிற்று. பதம் வந்ததும் மிளகாயைச் சேர்த்து மூடி, ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிச் சீசாவில் நிரப்பவும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் உபயோகித்துவிடலாம். மிளகாய் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் வரையில் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பச்சை மிளகாயையும் பூண்டையும் எண்ணெயில் ஊறப்போட்டால் மணமாயிருக்குமே என்று சிலருக்குத் தோன்றலாம். அது பெரும் அபாயம். மண்ணிலிருந்து காய்கறிகளில் ஒட்டிவரும் ஒருவகைக் கிருமி, காற்றுப் புகாத எண்ணெய்க்குள் ஈரம் கிடைத்தால் பெருகிக் கொடிய விஷத்தை உண்டாக்கும். நரம்புகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்தக்கூடிய விஷம் அது. எண்ணெயின் நிறத்திலோ மணத்திலோ ஒரு மாறுதலும் தெரியாமலிருக்கலாம். 1985-இல் கனடாவிலுள்ள வான்கூவர் நகரில், எண்ணெயில் ஊறிய பூண்டினால் 36 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். நம் பாட்டிமார் ஊறுகாயில் எண்ணெய் விடவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். அங்கே காவல் நிற்பவை உப்பும் புளிப்புமே, எண்ணெய் அன்று. எனவே எண்ணெய்க்கு உலர்ந்த வற்றல் மட்டுமே உரியது.

பச்சை மிளகாயின் வாசனையை விரும்புவோர் காடியை நாடலாம். கடைகளில் வினிகர் என்று விற்பது இதுவே. இதன் புளிப்பு அக்கிருமியை வளரவிடாது. மலையாள நாட்டிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் கிடைக்கும் காந்தாரி மிளகாய் இதற்கு வெகு சிலாக்கியம். அதைக் கழுவித் துடைத்து, ஊசியால் குத்தி, சீசாவிலிட்டு முற்றும் மூழ்கும்படி காடி ஊற்றவும். உலோக மூடி அரித்துப்போகுமாதலால் அது வேண்டாம். இரண்டு வாரத்தில் காரம் இறங்கிவிடும். மீன் குழம்புக்கும் காய்கறிப் பச்சடிக்கும் சில துளிகள் போதும்.

இப்பொழுது நம் வீட்டில் இரண்டு சீசாக்கள் இருக்கின்றன. அடைக்கும் பருப்புச் சாதத்துக்கும் எண்ணெய்ச் சீசா முதலில் காலியாகிறது. எல்லாவற்றையும்விட நமக்குத் திருப்தி தருவது ஒன்று உண்டு: பாட்டி மறுபடியும் ரஸம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.